அதிர்ஷ்டமா, மருந்தா?

இரண்டு குழு நோயாளிகளுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தை எப்போது நம்பலாம்? பைகுல்லா சிறையும் சேத்துப்பட்டும் சொல்லும் கதை.

1897 ஜனவரி 30. பம்பாயின் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்துவிட்டிருந்தது. முந்தைய செப்டம்பரில் மாண்ட்வியில் தலைகாட்டிய நோய் அது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசி தயாரித்து, 20 நாட்களுக்கு முன்பு அதைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்திருந்த வால்டெமர் ஹாஃப்கின், விருப்பமுள்ள கைதிகளுக்கு ஊசி போட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் கையை நீட்டினார்கள்.

நோய் அடங்கியபோது கணக்கு இது: ஊசி போட்டுக்கொண்ட 147 பேரில் இருவருக்கு பிளேக், சாவு இல்லை. போட்டுக்கொள்ளாத 172 பேரில் 12 பேருக்கு நோய். ஆறு பேர் இறந்தார்கள்.

ஊசிதான் காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மொத்தம் 14 நோயாளிகள்தானே, தற்செயலாக இப்படி அமைந்திருக்கக் கூடாதா? புள்ளியியல் இதற்குத் தலைகீழாக நின்று பதில் தேடுகிறது. ஊசியில் இருந்தது வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். 319 பேரின் பெயரையும் குடத்தில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு 14 சீட்டுகளை எடுத்தால் இவ்வளவு பெரிய வித்தியாசம் எத்தனை தடவை வரும்? 100 குலுக்கலில் சுமார் 2 தடவை. ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு வழக்கமாகிப்போன எல்லை 100க்கு 5. அதற்குக் கீழே வந்தால் வித்தியாசம் 'குறிப்பிடத்தக்கது'. (ஏன் 5, ஏன் 6 இல்லை என்றால், சௌகரியம்தான் காரணம்.) ஹாஃப்கின் காலத்தில் இந்தச் சோதனைகள் கிடையாது, மேலே உள்ளது இன்றைய கணக்கு.

சோதனைக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தைரியமாகக் கை நீட்டியவர்கள் ஏற்கெனவே திடகாத்திரமானவர்களோ என்னவோ? அடுத்த ஆண்டு பரோடா அருகே உந்தேரா கிராமத்தில் ஹாஃப்கின் சாமர்த்தியமாக நடந்துகொண்டார். ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கு மட்டும் ஊசி. நோய் தாக்கிய வீடுகளில் ஊசி போட்ட 71 பேரில் 3 பேர் இறந்தார்கள், போடாத 64 பேரில் 26 பேர். இதற்கு எந்தச் சோதனையும் வேண்டியதில்லை.

தலைவலி தருபவை சின்ன வித்தியாசங்கள்தான். தாராவியின் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில், திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்கள் ஒற்றை அறையில் ஐந்தாறு பேராக வாழ்கின்றன. அங்கே சம்பாதிக்கிற ஒருவருக்குக் காசநோய் என்றால், அவரை ஓராண்டு சானடோரியத்துக்கு அனுப்ப வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுக்கலாமா? இதே கேள்வியோடுதான் சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் கீமோதெரபி மையம் வேலையைத் தொடங்கியது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. டாக்டருக்கும் விருப்புரிமை இல்லை, நோயாளிக்கும் இல்லை. இரு தரப்புக்கும் அதே ஐசோனியாசிட், அதே பி.ஏ.எஸ். சானடோரியத்தில் ஓய்வும் சத்தான சாப்பாடும் நர்ஸ்களும். வீட்டில் நெரிசலும் அரைவயிறும்.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 பேர்தான். குலுக்கல் கணக்கு போட்டால், 100க்கு 20 தடவைக்கு மேல் தற்செயலாகவே இந்த இடைவெளி வரும். ஆகவே 'குறிப்பிடத்தக்கதல்ல'. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். குறிப்பிடத்தக்கதல்ல என்றால் இரண்டும் சமம் என்று அர்த்தமல்ல. இத்தனை குறைந்த எண்ணிக்கையில், சானடோரியம் உண்மையில் 15 சதவீதம்கூட மேலாக இருந்திருக்கலாம். வீடே சற்று மேலாகவும் இருந்திருக்கலாம்.

எனவே 6 சதவீதத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம். எல்லோரையும் பயமுறுத்திய கேள்வி வேறு: நோயாளியோடு ஒரே வீட்டில் படுத்து எழும் மனைவி, குழந்தைகளின் கதி? இரு தரப்புக் குடும்பங்களையும் மையம் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிடக் கூடுதலாகக் காசநோய் வரவில்லை.