குளிரே இல்லாத ஊர்ல அப்பாவுக்கு ஏன் குளிருது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

டிசம்பர் வந்தாச்சு. இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல பாதிப் பேராவது இந்நேரம் லீவ் எத்தனை நாள் மிச்சம் இருக்குன்னு எண்ணிட்டு இருப்பீங்க. டெல்லி, நொய்டா, குர்கான் பக்கம் வேலை பாக்குற தென்மாவட்டத்துக்காரங்களுக்கு இது வலசை போற காலம். வடக்கே குளிர் இறங்கினதும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி நாங்குநேரி பக்கத்துல இருக்கிற கூந்தன்குளத்துக்கு வந்து சேருது. நாமளும் அதே ரூட்டுதான். என்ன, அதுக்கு 60 நாள் முன்னாடி டிக்கெட் போட வேண்டியதில்ல.

நான் டெல்லியில வேலை பாக்குறேன். அப்பா அம்மா ரெண்டு பேரும் ரிட்டையர் ஆகி பாளையங்கோட்டையில இருக்காங்க. அப்பா ஈ.பி.யில இருந்தவர், அம்மா டீச்சர். ஒவ்வொரு டிசம்பரும் நான் ஊருக்குப் போய் இறங்கினா முதல் நாளே வீட்டுல ஒரு சண்டை வரும். ஃபேன் சண்டை. நான் ஃபேனை நாலுல வைப்பேன். அப்பா மஃப்ளரைச் சுத்திக்கிட்டு, "எய்யா, அதைக் கொஞ்சம் அமத்து, குளிருதுல்லா"ம்பார்.

வெளிய 23 டிகிரி. 23 டிகிரியில ஒருத்தருக்கு எப்படிக் குளிரும்? இந்த எபிசோடு இந்தக் கேள்வியைப் பத்தித்தான். விளையாட்டா தெரியலாம். ஆனா பதில் கொஞ்சம் சீரியஸான இடத்துக்குப் போகும்.

ஒரே டிசம்பர், ரெண்டு ஊர்

முதல்ல வெளியில இருக்கிற குளிரைப் பாத்துடுவோம். டெல்லி பூமத்திய ரேகையில இருந்து ஏறக்குறைய 28.6 டிகிரி வடக்கே இருக்கு. திருநெல்வேலி 8.7 டிகிரியில. டிசம்பர் 22 வாக்குல, உச்சி வெயில் நேரத்துல டெல்லியில சூரியன் அடிவானத்துல இருந்து 38 டிகிரி உயரம்தான் ஏறும். பாளையங்கோட்டையில 58 டிகிரி. டார்ச் லைட்டை சுவர்ல நேரா அடிச்சா வட்டம் சின்னதா, பளிச்சுன்னு இருக்கும். சாய்ச்சு அடிச்சா அதே வெளிச்சம் பரவி மங்கிடும். டெல்லிக்கு அந்த சாய்ஞ்ச வெளிச்சம்தான் கிடைக்குது. அதுலயும் பகல் சுமார் 10 மணி 20 நிமிஷம்தான். நம்ம ஊர்ல 11 மணி 35 நிமிஷத்துக்கு மேல.

ராத்திரி கதை வேற. டெல்லியில டிசம்பர் காத்து வறண்டு இருக்கும், மேகமும் அதிகம் இருக்காது. பகல்ல வாங்கின கொஞ்சநஞ்சச் சூட்டையும் தரை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துடும். ஜனவரியில 7, 8 டிகிரிங்கிறது அங்க சாதாரணம். திருநெல்வேலிக்குப் பக்கத்துலயே மன்னார் வளைகுடா இருக்கு. காத்துல ஈரம், வானத்துல மேகம். அது தரையோட சூட்டுக்குப் போர்வை மாதிரி. அதனால ராத்திரி 22, 23 டிகிரிக்குக் கீழ சுலபத்துல இறங்காது.

சரி, அப்போ நம்ம ஊர்ல "மார்கழிக் குளிர்"னு சொல்றது என்ன? அது பாதிக்கு மேல மழையோட குளிர். வடகிழக்குப் பருவமழையோட கடைசிக் கட்டம் டிசம்பர்லதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அங்க யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள்ள வந்தது. அப்படி இல்லாத வருஷத்துலயும் ஈரத்தரை, காயாத துணி, வாடைக்காத்து இருக்கும். ஈரமும் காத்தும் சேர்ந்தா உடம்புச் சூடு சீக்கிரம் போகும். தெர்மாமீட்டர் 23ன்னு காட்டினாலும் தோலுக்கு அது 23 மாதிரி இருக்காது.

உடம்புக்கும் ஒரு பழக்கம் இருக்கு

அடுத்தது, பழக்கம். வருஷத்துல பல மாசம் 35 டிகிரிக்கு மேல வெயில்ல இருக்கிற உடம்பு அதைத்தான் சாதாரணம்னு வச்சிருக்கும். 23 டிகிரி அதுக்கு ஒரு பள்ளம். டெல்லி குளிர்ல இருந்து இறங்கி வர்ற எனக்கு அதே 23 டிகிரி மேடு. அதனால ஃபேன் சண்டையில ரெண்டு பேர் சொல்றதும் உண்மை.

பாளையங்கோட்டையில ராத்திரி டீக்கடைப் பக்கம் போனீங்கன்னா, இருபது வயசுப் பையனும் ஸ்வெட்டர் போட்டு நிப்பான். அது பழக்கம்தான். நிறைய பேர் இந்த இடத்தோட நிறுத்திடுறாங்க. "ஊர்க்காரங்களுக்கு எப்பவும் இப்படித்தான்"னு ஜோக் அடிச்சுட்டு விட்டுடுறாங்க. ஆனா 70 வயசுக்காரரோட குளிர்ல இன்னொரு கணக்கும் இருக்கு.

வயசோட கணக்கு

நம்ம உடம்போட பெரிய அடுப்புகள்ல ஒண்ணு தசை. சும்மா உக்காந்திருந்தாலும் அது எரிஞ்சுட்டே இருக்கும். நாப்பது வயசுக்கு அப்புறம் தசை கொஞ்சம் கொஞ்சமா குறையும். ரிட்டையர் ஆகி நடமாட்டமும் குறைஞ்சா இன்னும் வேகமா குறையும். அடுப்பு சின்னதாயிடுது.

ரெண்டாவது, குளிர்ச்சி பட்டதும் தோல்ல இருக்கிற ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். வயசாக ஆக இந்தச் சுருக்கம் மந்தமாகும். மூணாவது, தோலும் அதுக்குக் கீழ இருக்கிற கொழுப்பும் மெலிஞ்சு போகும். தோல்ல நடக்குற இந்த மாற்றத்தை நீங்க வேற இடத்துல பாத்திருப்பீங்க. பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போன இடத்துல கைரேகை விழல, கைரேகை விழலன்னு பெரியவங்களை நாலு தடவை விரலை அழுத்தச் சொல்வாங்க. ரேகையும் தேயும், தோலும் வறளும். 2021 நவம்பர்ல இருந்து முகத்தை வச்சே பதிவு பண்ற வசதி மொபைல்லயே இருக்கு. லீவுல போறப்போ அதைச் சொல்லிக் கொடுத்துட்டு வாங்க.

ஆக, வயசானவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா குளிர்றது இயல்பு. ஆனா சில நேரம் குளிர் ஒரு சேதி சொல்லும். தைராய்டு குறைவா வேலை செஞ்சா குளிரும். ரத்தசோகை இருந்தா குளிரும். சர்க்கரை நோயால நரம்போ ரத்தக் குழாயோ பாதிச்சிருந்தா பாதம் சில்லுன்னு இருக்கலாம். பிரஷருக்குக் கொடுக்கிற அடினோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரைகளாலயும் கை கால் குளிரலாம். திடீர்னு நடுங்குற மாதிரி குளிர் வந்தா அது தொற்றா இருக்கலாம். வயசானவங்களுக்குத் தொற்று இருந்தாலும் காய்ச்சல் பெருசா காட்டாம போகும்.

எது இயல்பு, எது சேதின்னு எப்படிப் பிரிக்கிறது? உங்களோட ஒப்பிடக் கூடாது. நீங்க டெல்லி உடம்பு. அடுத்த வீட்டு மாமாவோட ஒப்பிடுறதும் பாதிதான் சரி. அவரைப் போன வருஷத்து அவரோடதான் ஒப்பிடணும்.

எங்க வீட்டுல நடந்தது

ரெண்டு வருஷம் முன்னாடி நான் போனப்போ அப்பா மத்தியானம் ஒரு மணிக்கும் ஸ்வெட்டரைக் கழட்டல. வெளிய நல்ல வெயில், 30 டிகிரி இருக்கும். முந்தின வருஷம் ராத்திரி மட்டும்தான் மஃப்ளர். மாடிப்படி ஏறுறப்போ பாதியில கைப்பிடியைப் புடிச்சு நின்னார். அம்மாகிட்ட கேட்டேன். "வயசாயிட்டுல்லாய்யா, மார்கழின்னா அப்படித்தான் இருக்கும்"னாங்க.

அம்மா சொன்னதுல தப்பு எதுவும் இல்ல. அவங்க தினமும் பாக்குறாங்க. நேத்துக்கும் இன்னைக்கும் வித்தியாசம் ஒரு கடுகளவுதான். 365 கடுகு சேர்ந்தா எவ்வளவுன்னு, ஒரு வருஷம் கழிச்சு வர்றவனுக்குத்தான் கண்ணுல படும். தூரத்துல இருக்கிறதால நமக்கு நஷ்டம்தான் அதிகம். ஆனா இந்த ஒரு விஷயத்துல அந்தத் தூரம் உபயோகப்படுது.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஹீமோகுளோபின் 8.9. ஆம்பளைங்களுக்கு 13க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ரத்தம்தான் ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போகுது. ஆக்சிஜன் குறைஞ்சா சூடு உண்டாகுறதும் குறையும், முக்கிய உறுப்புகளுக்குப் போக மிச்சம்தான் கை கால் தோலுக்குக் கிடைக்கும். அதான் ஸ்வெட்டர். மூச்சு வாங்கினதுக்கும் அதே காரணம்.

டாக்டர் உடனே இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பல. "முழங்கால் வலிக்கு ஏதாவது சாப்பிடுதியளா?"ன்னு கேட்டார். சாப்பிட்டிருக்கார். தெருமுனை மருந்துக்கடையில சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் வாங்கி, ஏழெட்டு மாசமா. இந்த வகை வலி மாத்திரைகள் வயித்தோட உள்சுவர்ல புண்ணு வரவைக்கும். புண்ணுல இருந்து ரத்தம் சொட்டு சொட்டா கசியும். வலி தெரியாமலே நடக்கலாம். மலம் தார் மாதிரி கறுப்பாப் போறது ஒரு அடையாளம். எண்டோஸ்கோபி பாத்ததுல வயித்துல புண்ணு இருந்தது.

இங்க ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. வயசானவங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால ரத்தசோகைன்னு வந்தா, "பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை சாப்பிடுங்க"ன்னு சொல்லி முடிச்சுடக் கூடாது. ரத்தம் எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கணும். சில பேருக்கு அது குடல் புற்றுநோயோட முதல் அடையாளமாவும் இருக்கும். அப்பாவுக்கு வலி மாத்திரையை நிறுத்தி, புண்ணு ஆற மருந்தும், அப்புறம் இரும்புச்சத்தும் கொடுத்தாங்க. ஏப்ரல்ல ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டிடுச்சு. முழங்காலுக்கு இப்போ பிசியோதெரபி போறார்.

பத்து நாள்ல என்ன பாக்கலாம்

லீவுக்குப் போய் டாக்டர் வேஷம் போட வேண்டாம். கேள்வியா கேட்டா "எனக்கு ஒண்ணுமில்லப்பா"ங்கிற பதில்தான் வரும். கூட இருந்தாலே பாதி தெரிஞ்சுடும்.

முதல் ரெண்டு நாளைக் கணக்குல எடுக்காதீங்க. நீங்க வர்றீங்கன்னு மீன் குழம்பு, அதிரசம், புதுப் போர்வைன்னு வீடு விசேஷ வீடு மாதிரி இருக்கும். மூணாவது நாள்தான் அவங்களோட சாதாரண நாள் தெரிய ஆரம்பிக்கும். அன்னைக்கு அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு பாருங்க. காலையில இட்லி, ராத்திரி ரெண்டு இட்லி, நடுவுல கொஞ்சம் சோறுன்னு ஓடினா புரதம் ரொம்பக் குறைவு. பெரியவங்களுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 1 கிராமாவது புரதம் வேணும். முட்டை, மீன், சுண்டல், பாசிப்பயறு, தயிர் எது ஒத்துக்குமோ அது. சிறுநீரகப் பிரச்னை இருந்தா மட்டும் அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சட்டை, ஜாக்கெட் தொளதொளன்னு ஆயிருக்கான்னு பாருங்க. தாகம் எடுக்கிற உணர்வு வயசோட மங்கும், அதுலயும் மழைக்காலத்துல தண்ணி குடிக்கவே மறந்துடுவாங்க. சாயங்காலம் சேர்ந்து ஒரு நடை போங்க. நீங்க வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கான்னு கவனிங்க. ஒரு சின்னச் சோதனையும் இருக்கு. நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டு, கையை மார்புல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உக்காரச் சொல்லுங்க. பக்கத்துலயே நில்லுங்க. 15 விநாடிக்கு மேல ஆனா கால் தசை தளர்ந்திருக்குன்னு அர்த்தம். அது வயசுன்னு விட்டுடுற விஷயமில்ல. எழுபதுலயும் பயிற்சி செஞ்சா தசை ஏறும்.

மாத்திரை டப்பாவை ஒரு தடவை சேர்ந்து உக்காந்து பாருங்க. எந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தாங்க, எதைத் தானா வாங்குறாங்க? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா போறவங்களுக்கு பி12 குறையலாம், அதையும் பாக்கச் சொல்லுங்க. 70 வயசு முடிஞ்சவங்களுக்கு, வருமானம் எவ்வளவா இருந்தாலும், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபர்ல இருந்து உண்டு. ஏற்கெனவே வேற அரசுக் காப்பீட்டுல இருக்காங்கன்னா ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்.

"நீங்க இங்க வாங்களேன்"

கடைசியா ஒண்ணு. லீவ் கிடைக்காதவங்க அப்பா அம்மாவை டெல்லிக்கு வரச் சொல்லுவீங்க. வரட்டும், ஆனா பிப்ரவரி கடைசி, மார்ச்னு வரட்டும். 23 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுற உடம்பு 7 டிகிரியில என்ன ஆகும்? குளிர்ல ரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். அது போக, டெல்லியில குளிர்காலத்துல தரையை ஒட்டின குளிர்ந்த காத்து மேல போகாம தேங்கி, புகையையும் தூசியையும் கூடவே பிடிச்சு வச்சுக்கும். இதய நோய், ஆஸ்துமா இருக்கிறவங்களை அந்த நேரத்துல கூப்பிடாம இருக்கிறதே நல்லது. டிசம்பர்ல நாம தெற்கே போறதுதான் சரியான ஏற்பாடு.

நான் சொன்னது பொதுவான தகவல். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு என்ன தேவைன்னு அவங்களைப் பாக்குற டாக்டர்தான் சொல்லணும். போறப்போ அவங்க பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அடுத்த டிசம்பர்ல ஒப்பிட உதவும். ஃபேனை ரெண்டுல வைங்க. நல்லபடியா ஊருக்குப் போயிட்டு வாங்க.