உங்களுக்குத் தெரியுமா? நாய் மேல் இருப்பது கொசுறு!

● நாய் சொறிந்தாலே "உண்ணி புடிச்சிருக்கு" என்றுதான் நம் வாயில் வரும். பல சமயம் அது தெள்ளுப்பூச்சியாக இருக்கும். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்; கவ்விய இடத்திலேயே கிடந்து ரத்தம் குடித்துக் கொட்டைமுத்து போல உப்பும். (கொட்டைமுத்து தரும் ஆமணக்கின் அறிவியல் பெயர் 'ரிசினஸ்'. லத்தீனில் அதற்குப் பொருளே உண்ணிதான்!) தெள்ளுக்கு ஆறு கால், இறக்கை கிடையாது, எள்ளளவுகூட இராது. இரு விலாவையும் அமுக்கிவிட்டது போல் தட்டையான உடம்பு என்பதால் ரோமத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். விரலை வைப்பதற்குள் ஆள் அப்பீட்டு.

● பூச்சி கண்ணில் படாவிட்டால் அதன் எச்சத்தைத் தேடுங்கள். வால் தொடங்கும் இடத்தில் ரோமத்தை விலக்கினால் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் பொடி தெரிகிறதா? பேன் சீப்பால் வாரி, ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாக ஊறிப் பரவினால் சந்தேகமே வேண்டாம். அது தெள்ளு குடித்து வெளியேற்றிய உங்கள் நாயின் ரத்தம்.

● சீப்பில் சிக்கியதை வெறும் தண்ணீரில் போட்டால் மேலாக மிதக்கும். சோப்பு கரைத்த தண்ணீரில் போடுங்கள், முழுகிவிடும்.

● உலகில் பெரும்பாலான இடங்களில் நாயின் மேல் அதிகம் கிடைப்பது 'பூனைத்தெள்ளு' என்ற இனம். பெயரைப் பார்த்துப் பூனையை மட்டும் விரட்டிப் பயனில்லை.

● நாய் மேல் பார்ப்பது வெறும் கொசுறு. மொத்தச் சரக்கும் வீட்டுக்குள் இருக்கிறது! பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை ரோமத்தில் ஒட்டாது. நாய் நடக்க நடக்க, படுக்கப் படுக்க உதிரும். பொரிந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து கட்டிலடி, சோபா இடுக்கு, சாக்கு மடிப்பு என்று பதுங்கும். அதற்குச் சாப்பாடு, மேலிருந்து உதிரும் அந்தக் கறுப்புப் பொடிதான். பெற்றவர்கள் சிந்தியதைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும் குடும்பம். பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி விலங்கின் உடம்பில் இருப்பது 5 சதவீதம்தான். மீதி 95-ம் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வீட்டில்.

● விடுமுறைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் கணுக்காலில் சுரீர் சுரீர் என்று கடி. ஏன்? கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கும். நம் காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு இவைதான் அதற்கு அழைப்பு மணி. பூச்சி மருந்து அந்தக் கூட்டைத் துளைத்து உள்ளே போவதும் கடினம். மருந்து போட்டு இரண்டு வாரம் கழித்தும் தெள்ளு தென்பட்டால் உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விடாமல் மூன்று மாதமாவது தொடர வேண்டும், வீட்டில் உள்ள எல்லாப் பிராணிகளுக்கும் சேர்த்து.

● நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் மிச்சத்தைப் பூனைக்கு விடுவது நம் சிக்கன புத்தி. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு எமன். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு, கடைசியில் உயிரே போகலாம். முயலுக்கு ஃபிப்ரோனில் ஆகாது. மண்ணெண்ணெய், ஃபினாயில் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். பிராணி அதை நக்குமே என்று யோசிப்பதில்லை. பூண்டு தின்னக் கொடுப்பதும் வேண்டாம், சிவப்பணுக்களைச் சிதைக்கும். எடை பார்த்து மருத்துவர் தரும் மருந்தே சரி. நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் தெள்ளு மாத்திரை கொடுக்கும் முன் அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

● மலத்தில் அரிசி போல் நெளிகிறதா? நாடாப்புழுவின் துண்டாக இருக்கலாம். உடம்பைக் கடிக்கும்போது நாய் தெள்ளையும் விழுங்கிவிடுகிறது, அதன் வயிற்றில் இருந்த புழு நாய்க்கு வந்துவிடுகிறது. குடற்புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடி வரும்.

● சில நாய்களுக்கு ஓரிரு கடியே போதும், தெள்ளின் எச்சில் ஒவ்வாமல் முதுகின் அடிப்பகுதியில் ரோமம் கொட்டிப் புண்ணாகிவிடும். குட்டிகளுக்கோ ரத்தசோகையே வரும்.

● எலித்தெள்ளுதான் பிளேக்கைக் கடத்துகிறது என்பதை 1898-ல் கராச்சியில் எலிகளை வைத்துச் சோதித்துச் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். பல ஆண்டுகள் அவரைப் பலரும் நம்பவில்லை.

● நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி உச்சி வெயிலில் காயப்போடுங்கள். ஈரமும் நிழலும் இல்லாவிட்டால் புழு வற்றிச் செத்துவிடும். வாக்குவம் கிளீனர் வைத்திருப்பவர்கள் கட்டிலடியை உறிஞ்சிய பிறகு அந்தப் பையை அன்றைக்கே கட்டி வெளியே எறிந்துவிடுங்கள். அலமாரியில் வைத்தால் அதற்குள்ளேயே பொரிக்கும்.