குதிகால் வலிக்கு எலும்பு ஸ்கேன் எதற்கு?

குதிகால் முள் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் தெரிகிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதைவிடப் பெரிய பரிசோதனையான எலும்பு ஸ்கேனுக்கு வருவோம். ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே தின்பண்டத் தொழிலில் இருப்பவர்கள் சிமெண்டுத் தரையில், அடுப்புக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலருக்குப் பேரங்காடியிலும் தொழிற்சாலையிலும் நின்றபடியே ஷிப்டு முடிகிறது. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீரென்று ஒரு வலி. நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் தணியும். நெடுநேரம் நின்றால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒருவர் சொல்லும்போதே மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும். பாதத்தின் வளைவைத் தாங்கி விரல்கள்வரை ஓடும் இணைப்புத் திசுப்பட்டை, குதிகால் எலும்பைப் பிடித்திருக்கும் உட்புற முனையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் மீதியும் தெரிந்துவிடும். பிளாண்டார் ஃபேசியைட்டிஸ் என்னும் இந்த நோயைக் கண்டறியப் பெரும்பாலோருக்கு இதுவே போதும். எலும்பு ஸ்கேனுக்கும் இங்கே வேலை உண்டு, ஆனால் அது வேறு வேலை.

அந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது என்று தெரிந்தால் இது புரியும். கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் 1971இல் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க ஐசோடோப்பைப் பாஸ்பேட் சேர்மத்தோடு இணைத்து எலும்பைப் படம் பிடிக்க வழி காட்டினார்கள். 1975இல் சுப்பிரமணியன் குழு வெளியிட்ட எம்.டி.பி. என்ற மருந்துதான் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நரம்பில் ஊசி போட்ட உடனே எடுக்கும் படங்கள் இரத்த ஓட்டத்தைக் காட்டும். சில நிமிடங்களில் எடுப்பவை இரத்தம் எங்கே கூடுதலாகத் தேங்குகிறது என்பதைக் காட்டும். இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்து எடுப்பவை எலும்பு எங்கே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். குதிகால் திசுப்பட்டை நோயில் இரண்டாம் கட்டத்தில் பட்டையின் முனையிலும், கடைசிக் கட்டத்தில் அது எலும்பைத் தொடும் இடத்திலும் ஒரு புள்ளி கருமையாகத் தெரிவதுண்டு. கவனியுங்கள், திசுப்பட்டை இந்தப் படத்தில் நேரடியாகத் தெரிவதே இல்லை. பட்டை இழுக்கிற இழுப்புக்கு எலும்பும் இரத்தக் குழாய்களும் கொடுக்கும் பதில்தான் தெரிகிறது. போதாததற்கு, இந்த நோயை ‘அழற்சி’ என்று நாம் சொல்வதே கேள்விக்குரியது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த 50 மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்து லெமாண்ட் குழுவினர் 2003இல் எழுதிய கட்டுரை, அங்கே கண்டது அழற்சி அல்ல, நார்களின் தேய்மானமே என்றது. ஆகவே புள்ளி தெரிந்தால் அழற்சி, தெரியாவிட்டால் நோய் இல்லை என்று கணக்குப் போட முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்டீராய்டு ஊசி யாருக்குப் பலன் தரும் என்பதை எலும்பு ஸ்கேன் முன்கூட்டியே காட்டும் என்று 2006இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இரத்தத் தேக்கம் ஓரிடத்தில் குவிந்து தெரிந்தவர்களுக்கு ஊசி நன்றாக வேலை செய்ததாம். மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி எழுவது மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் வலி தீராதவர்களிடம்தான். பெரும்பாலோருக்குக் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி இழுக்கும் பயிற்சி, மெத்தென்ற குதிப்பகுதி கொண்ட செருப்பு, எடைக் குறைப்பு இவற்றோடு ஓராண்டுக்குள் வலி அடங்கிவிடுகிறது. அதற்குள் படம் வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. பட்டையின் தடிப்பு 4 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்று அதிலேயே பார்த்துவிடலாம், கதிர்வீச்சும் இல்லை. எலும்பு ஸ்கேனில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவர்ட். உலகச் சராசரியில் இயற்கையிடமிருந்து ஓராண்டில் நாம் வாங்குவது 2.4. பயப்படும் அளவல்ல, ஆனால் காரணமில்லாமல் வாங்க வேண்டியதும் அல்ல. அணு மருத்துவப் பிரிவு ஊருக்கு ஊர் இருப்பதுமில்லை. பினாங்கு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் அந்த வரிசையில் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதா என்று பார்க்க வந்தவர்களும் காத்திருக்கிறார்கள்.

“வேறு பெரிய வியாதியாக இருந்தால் தவறிப்போகாதா?” என்று கேட்பது நியாயம். ஸ்கேனின் உண்மையான வேலை அங்கேதான். குதிகால் எலும்பில் ஏற்படும் அழுத்த முறிவு எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். ஸ்கேன் அதை முன்பே காட்டும், அப்போது கருமை பட்டை பிடித்திருக்கும் முனையில் மட்டும் நில்லாமல் குதிகால் எலும்பின் குறுக்கே கோடாகப் பரவியிருக்கும். குதிகாலை இருபுறமும் உள்ளங்கையால் அமுக்கினால் வலிப்பவருக்கும், இரவில் படுத்திருந்தும் வலி விடாதவருக்கும், எடை காரணமின்றிக் குறைந்தவருக்கும் பெரிய படம் தேவை. எம்.ஆர்.ஐ. கிடைத்தால் பல வேளைகளில் அதுவே மேல். நீரிழிவுக்காரர்கள் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் நரம்பு மரத்த பாதம் சிவந்து சூடாக வீங்கினால் அது எலும்புக்குள் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், சார்கோ என்னும் மூட்டுச் சிதைவாகவும் இருக்கலாம். இரண்டிலுமே மூன்று கட்டப் படங்களும் கறுத்துத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காலைக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்குள் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடப்பவர் மூட்டுவாத நிபுணரைத்தான் பார்க்க வேண்டும்.