வலியைக் கேட்டறியும் கல்வி

மருத்துவம் என்றவுடன் மருத்துவமனையும் மருத்துவரும் மருந்துப் புட்டியும்தாம் நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர் என்பன அந்நான்கு. அவற்றுள் நோயுற்றவரையே அவர் முதலில் வைத்திருப்பது நினைக்கத்தக்கது. இந்த முதற்கூற்றை மருத்துவக் கல்வி சிறிது காலம் மறந்திருந்தது. பிறகு ஒரு நாட்டிடமிருந்து மற்றொரு நாடு அதனைக் கற்றுக்கொண்டது. அந்த வரலாறே இன்றைய உரையின் பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவ அறிவியல் பெரும் வெற்றிகளைக் கண்டது. மாணவர்கள் இதயம், நுரையீரல், குடல் என்று உறுப்பு உறுப்பாக நோய்களைக் கற்றார்கள். தீர்க்கக்கூடிய நோய்களுக்கு அந்தக் கல்வி பேருதவியாக இருந்தது. தீர்க்க முடியாத நோய் வந்தபோதுதான் குறை தெரிந்தது. புற்றுநோய் முற்றிய ஒருவரிடம், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அவர் வீட்டில் வலியால் துடிப்பார். குடும்பத்தார் செய்வதறியாது சுற்றி நிற்பார்கள்.

அந்த வலிக்கு மருந்து இல்லாமல் இல்லை. அபினியிலிருந்து மார்ஃபின் என்னும் பொருளைப் பிரித்தெடுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டுவிட்டது. ஆயினும், நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். எனவே, வலி பொறுக்க முடியாமல் அவர் கதறிய பிறகே ஊசி போடுவார்கள். ஊசியின் வேகம் தணிந்ததும் வலி திரும்பும். மறுபடியும் கதற வேண்டும். நோயாளியின் மனம் முழுவதும் அடுத்த ஊசியின் மேலேயே இருக்கும். அதைக் கண்டவர்கள், "பார்த்தீர்களா, அடிமையாகிவிட்டார்!" என்றார்கள்.

இந்தச் சுழலை உடைத்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1918இல் பிறந்த இவர் முதலில் தாதியாகப் பயின்றார். முதுகு வலியின் காரணமாக அப்பணியை விட்டு, மருத்துவமனையின் சமூகநல ஊழியரானார். 1948இல், வார்சாவிலிருந்து வந்து லண்டனில் உற்றார் எவருமின்றி இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்னும் நோயாளியோடு பழகினார். தம் உயிலில் 500 பவுன் எழுதிவைத்து, நீங்கள் கட்டும் இல்லத்தில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்று அவர் அம்மையாரிடம் சொல்லிச் சென்றார். அப்போது இல்லம் எதுவும் இல்லை. சாண்டர்ஸ் முப்பது வயதைக் கடந்த பின்னர் மருத்துவம் பயின்று, 1957இல் மருத்துவரானார். 1967இல் லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் செயின்ட் கிறிஸ்தோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்னும் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார்.

அவர் செய்த மாற்றம் எளியது. வலி திரும்பி வருமுன்பே, கடிகாரத்தைப் பார்த்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மார்ஃபினை வாய்வழியாகக் கொடுத்தார். அளவை ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி சிறிது சிறிதாகச் சரிசெய்தார். நோயாளிகள் வலி நீங்கித் தெளிவாகப் பேசினார்கள். அவர்கள் பேசியதை அவர் அமர்ந்து கேட்டார். உடல் வலியோடு, பிள்ளைகளைப் பற்றிய கவலையும், கடன் பற்றிய அச்சமும், இறைவன் ஏன் கைவிட்டான் என்ற ஏக்கமும் பின்னியிருப்பதைக் கண்டார். இவையனைத்தும் சேர்ந்ததை 'முழுமையான வலி' என்று பெயரிட்டார். மருந்தின் அளவைத் தெரிந்துகொள்ளக்கூட நோயாளியிடம் கேட்டாக வேண்டும் என்பதே இதில் அடங்கிய பாடம்.

அந்த இல்லம் தொடக்கத்திலிருந்தே ஒரு பள்ளியாகவும் விளங்கியது. கனடாவிலிருந்து பால்ஃபர் மவுண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1973இல் அங்கு வந்து கற்றார். 1975இல் மான்ட்ரீல் நகரின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலியைத் தணிக்கும் வழிகாட்டியை வெளியிட்டது. சாதாரண வலிமாத்திரையில் தொடங்கி மார்ஃபின் வரை மூன்று படிகளாக அமைந்த அந்த முறையை எந்த நாட்டு மருத்துவரும் பின்பற்றலாம்.

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்குண்டு. ஆன் மெரிமன் என்னும் மருத்துவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்தவர். 1980களில் பினாங்கிலும், பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். சிங்கப்பூரில் வீடுகளுக்குச் சென்று, வலியோடு இருந்த நோயாளிகளைப் பார்த்தார். மருந்தாளர்களின் துணையோடு மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்து, வாயால் குடிக்கும் மலிவான மருந்தாக்கினார். அந்தச் செய்முறையைத்தான் அவர் பிறகு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றார்.

1993இல் யுகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது, கையில் மூன்று மாதத்துக்கான பணமே இருந்தது. அங்கே வேறொரு தடையும் காத்திருந்தது. மார்ஃபினை மருத்துவர் மட்டுமே எழுதித் தரலாம் என்பது சட்டம். கிராமத்திலோ மருத்துவரே இல்லை. ஆகவே தாதியருக்கும், கிராமங்களில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் ஒன்பது மாதச் சிறப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. வலியை எப்படி அளப்பது, நோயாளி எதை அறிய விரும்புகிறார் என்று எப்படிக் கேட்பது, மருந்தைப் பாதுகாப்பாக எப்படிக் கொடுப்பது ஆகியவற்றை அவர்கள் கற்றார்கள். இத்தகைய பயிற்சி பெற்றோர் மார்ஃபின் எழுதித் தரலாம் என்று 2004இல் யுகாண்டா சட்டத்தைத் திருத்தியது. பிற ஆப்பிரிக்க நாட்டவரும் அங்கு வந்து பயின்று செல்கிறார்கள்.

இந்தியாவின் கதை சற்று வேறு. அபினி பயிரிட்டு மருந்துக்காக வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடு அது. ஆயினும் 1985இல் வந்த கடுமையான போதைப்பொருள் சட்டத்துக்குப் பின்னர், அந்நாட்டு மருத்துவமனைகளிலேயே மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. மருத்துவக் கல்லூரிகளில் ஒரு தலைமுறையே அதைக் கையாளாமல் பட்டம் பெற்றது. 1993இல் கேரளத்தின் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலித்தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். பிரிட்டிஷ் தாதியரும் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களும் பயிற்சிக்குக் கைகொடுத்தார்கள். ஆனால் லண்டனில் கண்டது போன்ற இல்லங்களை ஊர்தோறும் கட்ட அங்கே பணம் இல்லை. எனவே அவர்கள் கடைக்காரர், மாணவர், இல்லத்தரசியர் ஆகியோரைத் தொண்டூழியர்களாகப் பயிற்றுவித்து, தாதியரோடு வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று தொண்டூழியர் கேட்டார். சாண்டர்ஸ் சொன்ன முழுமையான வலிக்கு அது மலையாள நாட்டு மருந்து. 2008இல் கேரள அரசு இதனைத் தன் சுகாதாரக் கொள்கையில் சேர்த்தது. 2014இல் இந்திய நாடாளுமன்றம் அந்தப் போதைப்பொருள் சட்டத்தையும் திருத்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடுகளுக்கிடையே பயணம் செய்தது மருந்து மட்டுமன்று. கேட்கும் முறையும் பயணம் செய்தது. அந்த முறை ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டுக்கேற்ப மாறியது. மேற்கு நாடுகளில் மருத்துவர் நோயாளியிடமே உண்மையைச் சொல்லுவார். நம் ஆசியக் குடும்பங்களிலோ, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று மகன் கெஞ்சுவான். வெளிநாட்டுப் பாடநூலை அப்படியே ஒப்பித்தால் இங்கே பயன்படாது. மகனின் அன்பையும் மதித்து, தந்தை எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று தந்தையிடமே மெல்லக் கேட்கும் பயிற்சி வேண்டும். இதைக் கற்பிக்க ஆசிய ஆசிரியர்களே தகுந்தவர்கள். சிங்கப்பூரின் லியன் அறநிறுவனமும் ஆசிய பசிபிக் வட்டார அந்திமகாலப் பராமரிப்புக் கட்டமைப்பும் இணைந்து 2010களில் இத்தகைய பணியைத் தொடங்கின. மருத்துவரும் தாதியரும் இலங்கை, மியன்மார், பங்களாதேஷ் ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்குள்ளோரைப் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள்.

ஆயினும் செல்ல வேண்டிய தொலைவு பெரிது. ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இத்தகைய பராமரிப்பு தேவைப்படுகிறது என்றும், அவர்களில் 100க்குச் சுமார் 14 பேருக்கே அது கிடைக்கிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மருத்துவ, தாதிமைக் கல்வியில் இதனைச் சேர்க்க வேண்டும் என்று 2014இல் உலகச் சுகாதாரப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியதும் இதனால்தான்.

நேயர்களே, பயிற்சி பெற்ற தாதியும் மருத்துவரும் கேட்பதற்கு ஆயத்தமாக இருந்தாலும், சொல்லுபவர் வேண்டுமல்லவா? வீட்டில் முதியவர் ஒருவர் வலியோடு இருந்தால், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வலி எப்போது வருகிறது, எங்கே வருகிறது, பத்துக்கு எத்தனை என்று அவரையே கேட்டுக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டு அஞ்சி, மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மலச்சிக்கலோ மயக்கமோ கண்டால் அதையும் சொல்லுங்கள். அவற்றுக்கும் வழி உண்டு. வள்ளுவர் கூறிய நான்கில் பணிவிடை செய்பவர் என்னும் கூறு நாம்தாம். நமக்கும் அந்தக் கல்வி வேண்டும்.