பாட்டி விட்டுச் சென்ற இடம்

எங்கள் பாட்டி திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆங்கிலிக்கன் சபை ஒன்றில் பிறந்தவர். 1947 செப்டம்பர் 27 அன்று அச்சபைகள் மெதடிஸ்ட் சபையோடும் தென்னிந்திய ஐக்கிய சபையோடும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர் சிறுமி. சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் இடுவார். அசனப் பண்டிகைக்கு முந்தைய இரவில் வெங்காயம் உரிக்கும் பெண்களிடையே அவருக்கு நிலையான இடமுண்டு. சபையில் எவர் நோயுற்றாலும் கஞ்சித் தூக்குடன் முதலில் சென்று நிற்பவர் அவரே.

இறுதியாண்டில் இதயம் தளர்ந்தது, கால்கள் வீங்கின, ஆலயப் படியேற இயலவில்லை. அப்போது சபையே வீட்டுக்கு வந்தது. குருவானவர் திருவிருந்தைக் கொண்டுவந்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கட்டிலைச் சூழ்ந்து பாடினர். "இனித் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டாம், மூச்சுத்திணறலை மட்டும் தணியுங்கள்" என்று தெளிவான மனத்துடன் பாட்டி கூறினார். மருத்துவர்களைக் கொண்ட எங்கள் குடும்பத்துக்கும் அதனை ஏற்பது எளிதாயில்லை. ஆயினும் அச்சொல்லே பின்னர் எங்களிடையே பூசல் எழாமல் காத்தது.

அவரைப் பராமரித்த சித்தி, அடக்கம் முடிந்த பின்னும் பல நாள்கள் அதிகாலை 4 மணிக்கு மாத்திரை கொடுக்க எழுந்துவிடுவார். "முன்னதாகவே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாமோ" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பராமரித்தோர் பலரிடம் இக்கேள்வியை நாங்கள் கேட்கிறோம். பெரும்பாலும் அது அன்பின் குரலேயன்றிக் குற்றத்தின் சான்றன்று.

பிரிவுத் துயரம் நோயன்று. உறக்கமின்மை, பசியின்மை, திடீர் அழுகை ஆகியன பெரும்பாலோர்க்கு மெல்லத் தணியும். பண்டிகை நாள்களில் மீண்டும் மேலெழும். 6 மாதங்களுக்கு மேலாகியும், தம் சமூகமும் சமயமும் இயல்பெனக் கொள்ளும் அளவைக் கடந்து, ஏக்கம் அன்றாட வாழ்வை முடக்குமாயின் அதற்குச் சிகிச்சை உண்டு. வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள்.

குழந்தைகளிடம் "பாட்டி தூங்குகிறார்" என்னாமல் இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். இல்லையேல் அவர்கள் உறக்கத்துக்கு அஞ்சக்கூடும். இறந்தவர் பெயரை வீட்டில் தயங்காமல் சொல்லுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், பூக்களோடு அவரைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியையும் பகிருங்கள். அவர் செய்துவந்த சிறு பணி ஒன்றைத் தொடருங்கள். எங்கள் சித்தி இப்போது கஞ்சித் தூக்கை எடுத்துச் செல்கிறார்.

உங்கள் வீட்டு முதியவர் இன்னும் பேசும் நிலையில் இருப்பாராயின், எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் அருகில் இருக்க வேண்டும் என்று இன்றே கேளுங்கள். அவரது விடையை அடுத்த மருத்துவச் சந்திப்பின்போது எங்களிடமும் தெரிவியுங்கள்.