தண்ணியில மருந்து வாடை அடிக்குதா?



"ஒரே பிளீச்சிங் வாடைண்ணே, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க." தொட்டி ஆபரேட்டரிடம் இப்படிச் சொல்லாத ஊர் இருக்காது. நாலு பேர் சத்தம் போட்டால் அவரும் குறைத்துவிடுவார். வாடையோடு, கிருமியைக் கொல்லும் குளோரினும் போய்விடும்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கலங்கலான ஆற்றுத் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, கடைசியில்தான் குளோரின் கலக்கிறார்கள். கலங்கலோடு கலந்தால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். அங்கே நன்றாகச் சுத்தம் செய்தாலும், பல கிலோமீட்டர் குழாயில் வரும்போது குளோரின் குறைந்துகொண்டே வரும். உடைப்பு இருந்தால் சாக்கடையும் புகும். அதனால்தான் ஊர்த் தொட்டியில் மறுபடியும் மருந்து போடுகிறோம்.

1000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அப்படியே கொட்டக்கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றணும். அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் திறக்கணும். மூட்டை திறந்தே கிடந்து ஈரம் பட்ட பவுடருக்கு வீரியம் இருக்காது. தொட்டி பாசி பிடித்துக் கிடந்தாலும் போட்ட மருந்து வீண்தான்.

கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர். சுமார் 5000 பேர். அங்கேயும் சிலர் குளோரின் வாடை பிடிக்கலை என்று குறை சொல்லியிருக்கிறார்கள். ஊழியர்கள் குறைவாகவே போட்டார்கள். அளந்து பார்க்காமலே பதிவேட்டில் ஏதோ ஒரு அளவை எழுதினார்கள். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டு எருவிலிருந்த கிருமி ஊர்க் கிணற்றில் இறங்கியது. சுமார் 2300 பேர் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி!

பதிவேடு சரியா என்று நாமே பார்க்கலாம். தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் பார்க்கும் பெட்டியில் உள்ள மருந்தைச் சொட்டு விட்டால் நிறம் மாறும். அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்கு இந்தச் சோதனைப் பயிற்சி தரணும் என்று இருக்கிறது. உங்க ஊரில் அந்த 5 பேர் யார், பெட்டி யாரிடம் இருக்கு என்று ஊராட்சியில் கேளுங்க.

வாடைதான் பிரச்சனை என்றால், குடிக்கிற தண்ணியை மட்டும் மூடிய குடத்தில் ராத்திரி வைத்துக் காலையில் குடிங்க. பாதி வாடை போயிருக்கும்.