அகழிக்கு இந்தப் பக்கம்

சென்னை நொச்சிக்குப்பத்துக் கரையில் தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமை ஏறி வந்து மணலைத் தோண்டி முட்டையிடும். பொரித்து வெளிவரும் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஊரும். கரையோர லூப் ரோட்டு விளக்குகள் கடலைவிடப் பளிச்சென்று எரிந்தால், அது தண்ணீரை விட்டுவிட்டுச் சாலைக்குப் போய்விடும். ஆமையைப் பிடிக்கக் கூடாது, முட்டையை எடுக்கக் கூடாது என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆமையை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. அதே பிள்ளைகள் விடுமுறைக்குக் கலங்கரை விளக்கத்தில் பறக்கும் ரயில் ஏறி, பூங்கா நகரில் இறங்கி, செங்கல்பட்டு வண்டிக்கு மாறி வண்டலூர் ஜூவுக்குப் போகும்போது, அதே சட்டம் அங்கேயும் தங்களோடு நடந்து வருகிறது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நீர்யானையும் சிம்பன்சியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனங்கள் என்றாலும், வண்டலூருக்குள் அவற்றைக் காப்பது நம் ஊர்ச் சட்டம்தான்.

வண்டலூரின் சிறப்பே அங்கே கம்பி தெரியாததுதான். சென்னை உயிர்க்காட்சிச்சாலை 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, பிறகு மூர் மார்க்கெட் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்கில் நெருக்கடியான கூண்டுகளோடு நூறாண்டுக்கு மேல் இருந்தது. 1985இல் வண்டலூர்க் காட்டை ஒட்டித் திறந்தபோது கூண்டுக்குப் பதில் அகழி வந்தது. இந்த உத்தியை உலகுக்குக் காட்டியவர் கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஹாம்பர்க் அருகே அவர் திறந்த பூங்காவில், சிங்கத்துக்கும் மனிதருக்கும் நடுவே பள்ளத்தை வெட்டி, அது கண்ணில் படாதபடி மறைத்தார். அதே மனிதர் 1880களில் இலங்கையிலிருந்து மனிதர்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. வேலியை மறைப்பது விடுதலை ஆகிவிடாது. அது பார்ப்பவர் கண்ணுக்குச் செய்த ஏற்பாடு. 2008இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் திறந்த பயோபார்க் இதன் முதிர்ந்த வடிவம். செயற்கைப் பாவோபாப் மரம், பாறை, ஓடை எல்லாம் சேர்ந்து ஆப்பிரிக்கப் புல்வெளிக்குள்ளேயே நடப்பதாக நம்ப வைக்கும். அந்த நம்பிக்கை அழகானதுதான். ஆனால் தடுப்பு எவ்வளவு மறைகிறதோ அவ்வளவுக்குப் பார்க்க வந்தவர் தன்னைத் தானே தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வனவிலங்குச் சட்டத்தின் 38ஜெ பிரிவு சுருக்கமானது. உயிர்க்காட்சிச்சாலையில் விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தமிட்டுத் தொல்லை தருவது, குப்பை போடுவது எல்லாமே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறை. ஒரு பிஸ்கட்டுக்கா இவ்வளவு என்று கேட்பார்கள். கோயில் யானைக்குப் பழம் கொடுத்தால் புண்ணியம் என்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானது, அதில் கெட்ட எண்ணமும் இல்லை. நீர்யானையை எடுத்துக்கொள்வோம். காட்டில் அது வாயை அகலப் பிளப்பது, கிட்டே வராதே என்ற எச்சரிக்கை. தொட்டி ஓரத்தில் நிற்கும் நமக்கோ அது தின்பண்டம் கேட்பதுபோல் தெரிகிறது. ஒருவர் வீசுகிறார், அடுத்தவர் கவரோடு வீசுகிறார். அதன் வயிறு பல அறைகள் கொண்டது. புல்லை மெல்ல மெல்ல நொதிக்க வைப்பதற்கானது. அங்கே தங்கிவிட்ட பிளாஸ்டிக் செரிக்காது, எளிதில் வெளியேறவும் செய்யாது. வீசியவர் அன்று மாலையே வீடு திரும்பிவிடுவார், விலங்கின் வேதனை எத்தனையோ நாள் கழித்துத் தொடங்கும். அதனால்தான் செய்தவருக்குத் தான் செய்தது தெரிவதே இல்லை.

நோயும் அப்படித்தான் அகழியைத் தாண்டும். 2021 ஜூனில் வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் கொரோனாவுக்கு இறந்தன. அப்போது மனிதரிடையே பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகைதான் சிங்கங்களிடமும் இருந்தது. சிம்பன்சிக்கு ஆபத்து இன்னும் அதிகம். மேற்கு ஆப்பிரிக்காவின் டாய் காட்டில், நமக்குச் சாதாரணச் சளியைத் தரும் கிருமிகள் சிம்பன்சிகளைக் கொன்றிருக்கின்றன. ஆகவே காய்ச்சலோ இருமலோ உள்ள பிள்ளையை அன்று அழைத்துப் போகாமல், பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

மனித உயிருக்கான ஆபத்து அரிது, ஆனால் வந்தால் மீட்பில்லை. 2014 செப்டம்பரில் டெல்லியில் வெள்ளைப்புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞர் இறந்தார். மேலே நின்றவர்கள் கூச்சலிட்டதையும் கல்லெறிந்ததையும் அன்றைய செய்திகள் பதிவு செய்தன. 2016இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மூன்று வயதுச் சிறுவன் விழுந்தபோது, அவனைக் காப்பாற்ற ஹராம்பே என்ற கொரில்லாவைச் சுட்டார்கள். 2024 பிப்ரவரியில் திருப்பதியில் சிங்க அடைப்புக்குள் குதித்தவர் உயிரோடு திரும்பவில்லை. யாராவது விழுந்துவிட்டால் கத்தாமல், எதையும் எறியாமல் பின்வாங்கி, ஊழியரை அழைப்பதுதான் விழுந்தவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. இரைச்சல் விலங்கை மிரட்சியில்தான் தள்ளும்.

எல்லாப் பாரத்தையும் ஏழைப் பார்வையாளர் தலையில் வைத்துவிட்டு நிர்வாகம் தப்பிக்கிறதா என்ற மறுப்பு நியாயமானது. விதிகள் நிர்வாகத்தையும் விடுவதில்லை. மத்திய உயிர்க்காட்சிச்சாலை ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்த உயிர்க்காட்சிச்சாலையும் இயங்க முடியாது. 2009ஆம் ஆண்டு அங்கீகார விதிகளின்படி, பார்வையாளரைப் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தும் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் இருக்க வேண்டும். குடிதண்ணீர், கழிப்பறை, பாம்புக்கடி மருந்து உட்பட முதலுதவி, சக்கர நாற்காலியில் வருவோர் உள்ளே செல்ல வழி எல்லாம் இருக்க வேண்டும். தடுப்பு உடைந்து கிடந்தாலோ தண்ணீர் இல்லாவிட்டாலோ அது நம் தலைவிதி என்று திரும்பி வர வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவர் நுகர்வோர். கட்டணம் வாங்கிச் சேவை தரும் அரசு அமைப்பும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. சேவைக் குறையால் காயமோ இழப்போ நேர்ந்தால் சீட்டைப் பத்திரப்படுத்தி, படம் எடுத்து, முதலில் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்க வேண்டும். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதன்பின் மாவட்ட ஆணையம். இரண்டாண்டுக்குள் மனு போட வேண்டும், நுழைவுச்சீட்டு அளவிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வண்டலூர் செங்கல்பட்டு மாவட்டம்தான், ஆனாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நொச்சிக்குப்பத்துக்காரர் தான் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

விலங்கை அடைத்து வைப்பதே தவறு, அதில் என்ன உரிமைப் பேச்சு என்போரும் உண்டு. அவர்கள் வருத்தம் உண்மையானது. ஆனால் அடைப்பில் பிறந்து வளர்ந்த சிம்பன்சியைக் கதவைத் திறந்து அனுப்ப வண்டலூரில் ஆப்பிரிக்கக் காடு இல்லை. இருக்கும்வரை அது எப்படி வாழ்கிறது என்று கேட்கும் உரிமையைப் பயன்படுத்துவதே அந்த வருத்தத்துக்குச் செய்யும் நியாயம். பூங்கா வனத்துறையின் கீழ் இருப்பதால் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். மனுவுக்குப் பத்து ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். குற்றம் நடந்தும் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், வனவிலங்குச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, பொதுமக்களில் எவரும் நேராக நீதிமன்றம் போகலாம். தகவல் கேட்டு ஒரே ஒரு மனுதான் எழுத முடியும் என்றால், அதில் இதைக் கேளுங்கள்: கடந்த ஆண்டில் இறந்த விலங்குகளின் உடற்கூறு அறிக்கைகளில், வயிற்றில் என்னென்ன இருந்ததாக எழுதியிருக்கிறார்கள்?